போஸ்டரில் விட்டுப்போகும் ஒரு வரி

எங்கள் ராயபுரம் பக்கம் ஒருவர் போய்விட்டால், பொழுது விடிவதற்குள் சுவரில் போஸ்டர் ஏறிவிடும். 'இறைவனடி சேர்ந்தார்', 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'இயற்கை எய்தினார்' என்ற முதல் வரியிலேயே அது எந்த வீடு என்று தெரிந்துவிடும். போட்டோ, வயது, மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கீழே நண்பர்கள் குழு. எல்லாம் உண்டு. அந்த மனிதர் நாற்பது வருஷம் என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

பேப்பரில் வரும் இரங்கல் செய்தியில் வேறொரு குறை. பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானபோது எல்லாப் பேப்பரிலும் '5 ரூபாய் டாக்டர்' என்றுதான் தலைப்பு. வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்ட் 15 அன்று, கொரோனா காலத்தில் மறைந்தார். அவருக்கும் அதே தலைப்பு. ஸ்டான்லியில் படித்து, 1973-ல் 2 ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தவர் அவர்.

தலைப்பு தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு வருத்தம். அந்த 2 ரூபாய்க்கும் 5 ரூபாய்க்கும் இங்கே ஏன் அவ்வளவு தேவை இருந்தது? தினக்கூலி வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. மருந்துச் செலவு வேறு. அந்த நிலையில் டாக்டர் ஃபீஸ் என்பது ராத்திரி அடுப்பு எரியுமா என்ற கேள்வி. இதையும் சேர்த்து எழுதியிருந்தால், டாக்டரின் கதையோடு நம் பேட்டையின் கதையும் பதிவாகியிருக்கும். தர்மவான் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வது சுலபம்.

இன்னொருவரைச் சொல்கிறேன். எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. 1914-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இலங்கையில் இடதுசாரி இயக்கத்தில் இருந்துவிட்டு, உலகப் போர்க் காலத்தில் இந்தியா வந்தார். 1918-ல் வாடியா தலைமையில் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனுக்குப் பின்னாளில் தலைவரானார். 1947-ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தை முன்னால் நின்று நடத்தினார். 1952-ல் எம்.எல்.ஏ., 1957-ல் நம் வடசென்னைக்கே எம்.பி. ஹார்பர் தொழிலாளர் சங்கத்திலும் நெடுங்காலம் உழைத்து, 2000 ஆகஸ்டில் மறைந்தார். அப்பாவோ தாத்தாவோ ஹார்பரில் வேலை பார்த்த வீடுகள் இங்கே எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யார் அவர் என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் சொல்லவில்லையே.

எஸ். முத்தையா 'தி இந்து'வில் வாராவாரம் சென்னையைப் பற்றி எழுதிவந்தார். வாசகர்கள் கடிதத்தில் சொல்லும் தகவலையும் அடுத்தடுத்த வாரங்களில் சேர்த்துக்கொள்வார். மறந்துபோன எத்தனையோ பேர் அப்படி மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார்கள். அவரும் 2019 ஏப்ரலில் போய்விட்டார். நம் பேட்டைக்காரர்களைப் பற்றி இனி வேறு யாராவது வந்து எழுதுவார்கள் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பேரப்பிள்ளைகள் பெயர் விட்டுப்போனால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பீர்கள். அதை எடுக்கச் சொல்லவில்லை. கூட ஒரு வரி சேருங்கள் என்கிறேன். 'ஹார்பரில் 34 வருஷம் வின்ச் ஓட்டியவர்.' 'காசிமேட்டில் லாஞ்சு கட்டியவர்.' 'எண்ணூர் லேலண்டில் லேத் பிடித்தவர்.' 'திருவொற்றியூரில் மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா.' இந்த ஒரு வரி போதும். தெருவில் போகிற பையன் நின்று படிப்பான். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்பான்.

பெரிய தலைவர்களுக்குச் சிலை இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது. இந்தத் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஓட்டியவர்களுக்கு ஒரு வாரம் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதம்தான் மிச்சம். மழை வந்தால் அதுவும் இல்லை.

எண்பது வயதைத் தாண்டியவர்கள் உங்கள் தெருவில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். கூட வேலை பார்த்தவர்களைப் பற்றி அவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். பெயர், வேலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, அவரால் யாருக்கு என்ன நல்லது நடந்தது. பத்து வரி போதும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த போஸ்டர் அச்சுக்குப் போகும்போது அதிலிருந்து ஒரு வரி எடுத்துக் கொடுங்கள்.