மார்க்கின் அட்டைகளும் கெரன் சரிசெய்த கட்டில் விரிப்பும்

'லவ் எக்சுவலி' படத்தில் வரும் மார்க் ஓர் உத்தமக் காதலன் என்கிறார் எங்கள் பாடசாலையின் ஆங்கில ஆசிரியர். எதையும் எதிர்பாராமல், நண்பனின் குடும்பத்தைக் குலைக்காமல், நெஞ்சில் கிடந்ததை ஒரேயொரு தடவை சொல்லிவிட்டு விலகிப் போனவன் என்பது அவரது வாதம். ஆசிரியர் ஓய்வறையில் பேசித் தீராததை இங்கே எழுதுகிறேன். அவரும் இச்சஞ்சிகையின் வாசகர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்.

றிச்சர்ட் கேர்ட்டிஸ் எழுதி நெறிப்படுத்திய இப்படம் 2003இல் வெளிவந்தது. நத்தாருக்கு முந்திய ஐந்து வாரங்களில் லண்டனில் நடக்கும் பல காதல் கதைகளின் கோவை அது. அதில் ஒன்றில் பீற்றரும் ஜூலியட்டும் மணம் முடிக்கிறார்கள். மாப்பிள்ளைத் தோழனான மார்க், ஜூலியட்டோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன்னை அவனுக்குப் பிடிக்காது என்றே அவள் எண்ணியிருக்கிறாள். அவன் பிடித்த கலியாண வீடியோவைத் தேடிப் போய்ப் பார்த்தால் அதில் அவளது முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு நத்தார் காலத்து இரவொன்றில் அவன் அவர்களின் கதவடிக்கு வந்து, பெரிய அட்டைகளில் எழுதி வைத்திருந்த காதலை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுகிறான். இணையத்தில் இன்றும் சுற்றுகிற காட்சி இது.

அந்த அட்டைகளில் முதலில் வருவது காதல் அல்ல. உள்ளேயிருந்து யாரென்று கேட்கும் கணவனுக்கு, நத்தார் கீதம் பாடுவோர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லும்படி அவன் அவளிடம் கேட்கிறான். அதற்குத் தோதாகப் பாட்டுப் பெட்டியும் கொண்டு வந்திருக்கிறான். தன் காதலைச் சொல்ல வந்தவன், அவளைக் கொண்டு ஒரு பொய்யைச் சொல்வித்த பிறகுதான் தன் வாயை, மன்னிக்கவும், தன் அட்டையைத் திறக்கிறான். இவ்வளவு ஆயத்தத்தோடு வந்தவன் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதை நான் எப்படி நம்புவது?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு நாடகம் படிப்பித்த விரிவுரையாளர், ஒரு பாத்திரம் காட்சியை விட்டுப் போகும்போது அடுத்தவர் கையில் எதை விட்டுப் போகிறது என்று பாருங்கள் என்பார். மார்க் பாரத்தை இறக்கிவிட்டு இலேசாக நடந்து போகிறான். ஜூலியட்டின் கையில் ஓர் இரகசியம் இருக்கிறது. இனி பீற்றர் மார்க்கின் பெயரை எடுக்கும்போதெல்லாம் அவள்தான் முகத்தை மாற்றாமல் இருக்க வேண்டும். அவள் பின்னால் ஓடிப்போய் அவனை முத்தமிடுகிறாளே என்று கேட்பீர்கள். ஓடுகிறாள்தான். ஏன் ஓடுகிறாள் என்பதற்கு அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அது மார்க்குக்கு நெறியாளர் கொடுத்த பரிசு.

இது நகைச்சுவைப் படம் ஸேர், சிலப்பதிகாரம் இல்லை என்பது நண்பரின் அடுத்த பதில். நகைச்சுவைக்குத்தான் உள்நோக்கம் இன்னும் துலக்கமாக இருக்க வேண்டும். அதே படத்தில் ஹரி தன் காரியாலயப் பெண்ணுக்காகக் களவாகத் தங்கச் சங்கிலி வாங்குகிறான். விற்பனையாளர் ரூபஸ் அதை ஆற அமர அலங்காரம் செய்து பொதி கட்டுகிறார். நமக்குச் சிரிப்பு வருவது, மனைவி திரும்பி வந்துவிடுவாள் என்ற ஹரியின் பயத்தை நாம் அறிந்திருப்பதால்.

அந்த மனைவி கெரன். எம்மா தொம்ப்சன் நடித்தது. கணவனின் கோட்டுப் பையில் சங்கிலியைக் கண்டவள் அது தனக்கு என்றிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த பொதியில் ஜோனி மிச்சலின் இறுவட்டு. அறைக்குள் போய்த் தனியே நின்று அழுகிறாள், முகத்தைத் துடைக்கிறாள், கட்டில் விரிப்பைச் சரிசெய்கிறாள், பிள்ளைகளைக் கலைநிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகச் சிரித்த முகத்தோடு வெளியே வருகிறாள். அந்த விரிப்பை ஏன் சரிசெய்தாள் என்று யாரும் விளக்குவதில்லை. ஒரு வீட்டைக் கொண்டு நடத்தியவர்களுக்கு விளக்கம் தேவையுமில்லை. ஆக, கேர்ட்டிஸுக்கு எழுதத் தெரியும். மார்க்கின் விடயத்தில் அவர் காட்டியது சலுகை.

2017 மார்ச்சில், கொமிக் றிலீப் தர்ம நிதிக்காக, பழைய பாத்திரங்களை ஒன்றுசேர்த்துக் கால் மணித்தியால அளவில் 'றெட் நோஸ் டே எக்சுவலி' என்ற தொடர்ச்சியை பிபிசி ஒளிபரப்பியது. 2003இல் முத்தத்துக்குப் பிறகு மார்க் தனக்குத்தானே 'போதும்' என்று சொல்லிக்கொண்டு போனதுதான் என் நண்பரின் பலமான சாட்சி. அந்தப் போதும் என்றவன் பதினான்கு வருடம் கழித்து அதே பெண்ணின் கதவடியில் மறுபடியும் அட்டைகளோடு நிற்கிறான்! அடுத்த வருடம் இவர்களில் ஒருத்தியோடு இருப்பேன் என்று அன்று மொடல் அழகிகளின் படங்களைக் காட்டியிருந்தான். இன்று கேற் மொஸ் அவன் மனைவி. அவன் தேறிவிட்டான் என்பதற்கு இது அத்தாட்சியாம். தேறியவன் பீற்றரையும் கூப்பிட்டல்லவா சொல்லியிருப்பான்? அட்டை எதற்கு?

கெரன் அந்தத் தொடர்ச்சியில் இல்லை. ஹரியாக நடித்த அலன் றிக்மன் 2016 ஜனவரியில் காலமானார். அந்தத் துயரம் ஆறாத நிலையில் தொம்ப்சனுக்கு எதையும் எழுத முடியாது என்று கேர்ட்டிஸ் அவருக்குத் தெரிவித்தார், தொம்ப்சனும் அதை ஏற்றுக்கொண்டார். அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பாடகர் பில்லி மக்கின் முகாமையாளர் ஜோவும் அதில் தோன்றவில்லை. அவர் இறந்துவிட்டதாக பில்லியின் வாயால் சொல்லவைத்து அந்தக் கதையை முடித்தார்கள். கெரனின் சகோதரரான பிரதமர் வந்தார். அவளது நண்பர் டானியல் வந்தார். சங்கிலியைப் பொதி கட்டிய ரூபஸ்கூட வந்து இன்னொரு பொதி கட்டினார். இத்தனை பேரில் ஒருவரின் வாயால் அவளது கதையைத் தொட்டிருக்க முடியாதா? ஹரியும் கெரனும் பிரியவில்லை, ஆனால் அந்த வீட்டில் பழைய சந்தோஷம் இல்லை என்று, கேர்ட்டிஸின் துணைவியும் படத்தின் திரைக்கதைத் தொகுப்பாளருமான எம்மா புரொய்ட் 2015இல் சொல்லியிருந்தார். அது படத்துக்கு வெளியே சொன்னது. மனநோயாளியான சகோதரனுக்காகத் தன் காதலை விட்ட சேராவுக்கும் இதே கதிதான். பிரித்தானிய ஒளிபரப்பில் அவளுக்கு இடமில்லை. இரண்டு மாதம் பிந்தி அமெரிக்காவில் காட்டியபோதுதான் அவளுக்கொரு கணவன் கிடைத்தான்.

எங்கேயோ உள்ள படத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். எங்கள் தரம் 11 மாணவன் ஒருவன் இந்தக் காட்சியைக் கையடக்கத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டுப் படலையடியில் மாலை நேரம் அட்டைகளோடு போய் நின்றான். விசாரித்தபோது, "நான் ஒண்டும் எதிர்பார்க்கல்ல ஸேர்" என்றான். பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தான். தெருவெல்லாம் பார்த்திருந்தது. அந்தப் பிள்ளையின் வாப்பா அவளைப் பதினொரு நாள் பாடசாலைக்கு அனுப்பவில்லை. வரவு இடாப்பில் அவளுக்கு வரவில்லை என்று அடையாளமிட்டது நான். அவன் ஒருநாளும் தவறாமல் வந்தான்.

ஆங்கில ஆசிரியர் அடுத்த இதழில் பதில் எழுதட்டும். மார்க்கைப் பற்றி மட்டும் எழுதாமல், அந்த முத்தத்துக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே போன ஜூலியட், பீற்றரிடம் என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.