குறை கண்டவர் கடமை

ஆரணிப் பட்டில் பழுது கண்டவர் பேசியதோடு நின்றால் சேலை திருந்தாது; தறியில் அமர வேண்டும். இயக்குநர் மகேந்திரனின் கலைவாழ்வு அத்தகையது. காரைக்குடி அழகப்பா கல்லூரி மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ்த் திரைப்படங்களின் குறைகளை மேடையில் எடுத்துரைத்தார். பின்னர் அவற்றைக் களையத் தாமே முனைந்தார். உமாசந்திரனின் புதினம் 1978இல் ‘முள்ளும் மலரும்’ ஆயிற்று. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ மலரத் தூண்டுகோலாயிற்று. வசனம் குறைந்தது, காட்சி பேசிற்று. ஏறத்தாழ 12 படங்களே இயக்கி, 2019இல் மறைந்தார். எண்ணிக்கை சிறிது, இழையோ உறுதியானது. மாணவச் செல்வங்களே, குறை கூறும் உரிமை உங்களுக்கு உண்டு. அக்குறையைத் திருத்தும் கடமையும் உங்களுடையதே!