சிலுவையில் இருந்தவர்கள் திருடர்கள் அல்லர்

இயேசுவின் இருபுறமும் சிலுவையில் அறையப்பட்டவர்கள் திருடர்கள் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும்போது, இரண்டாம் வார்த்தைக்கு வந்ததும் 'நல்ல கள்ளன்' வந்துவிடுகிறான். வறுமையில் எதையோ எடுத்தான், பிடிபட்டான் என்கிற அளவில் அவனைச் சித்திரிப்பவர்களும் உண்டு. நற்செய்திகளின் கிரேக்க மூலத்தில் இந்தச் சித்திரத்துக்கு இடமே இல்லை.

மத்தேயுவும் மாற்கும் 'திருடர்' என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்பார்கள். எழுதவில்லை. ஆள் அறியாமல் எடுப்பவனுக்குக் கிரேக்கத்தில் 'க்ளெப்டேஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. பணப்பையில் கைவைத்த யூதாசை யோவான் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். சிலுவையில் அறையப்பட்ட இருவருக்கும் மத்தேயுவும் மாற்கும் இட்ட பெயர் 'லேஸ்டேஸ்'. கொள்ளைப் பொருளைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆயுதத்தைக் காட்டி, பெரும்பாலும் கும்பலாக வந்து பறிப்பவன் என்று பொருள். யோவான் 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே கள்ளன், கொள்ளைக்காரன் என்று சரியாகவே பிரித்திருக்கிறது. மத்தேயு 27:38க்கு வரும்போது அதே லேஸ்டேஸைக் 'கள்ளர்' ஆக்கிவிட்டது.

லேஸ்டேஸ் என்ற சொல்லின் பழைய வாழ்க்கையைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். ஒடிசி காவியத்தின் மூன்றாம் பகுதியில், பைலோஸ் நகரத்து அரசர் நெஸ்டர் தன் கரைக்கு வந்த, ஒடிசியஸின் மகன் தெலமாக்கஸுக்கு முதலில் விருந்து வைக்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான், நீங்கள் வணிகம் செய்ய வந்தவர்களா, கடலில் கொள்ளையடித்துத் திரிபவர்களா என்று விசாரிக்கிறார். இந்தச் சொல்லின் மூத்த வடிவம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கொள்ளை இழிவான தொழிலாகக் கருதப்படவில்லை என்பதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இப்படிப்பட்ட கேள்விகளையே சான்று காட்டுகிறார். எந்த விருந்தாளியிடமாவது 'நீ திருடனா?' என்று கேட்பார்களா?

லூக்கா வேறு சொல் போட்டிருக்கிறாரே என்பது அடுத்த வாதம். அவர் எழுதியது 'காகூர்கோஸ்': தீமை, செயல் என்ற இரண்டும் சேர்ந்த சொல். ஏதென்ஸ் சட்டத்தில் இதற்குக் குறுகிய பொருளும் இருந்தது உண்மைதான். திருடர், ஆடை பறிப்போர், கன்னம் வைப்போர், ஆள் கடத்துவோர் ஆகியோரைக் காகூர்கோஸ் என்று பிடித்து 'பதினொருவர்' என்ற அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசாரணையின்றியே மரணம். ஆனால் லூக்கா எழுதிய காலம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. 2 தீமோத்தேயு 2:9இல் சிறைப்பட்ட பவுலுக்கும் இதே சொல்தான் வருகிறது. பவுல் எதையாவது திருடினார் என்று யாரும் சொல்வதில்லை.

ரோமரின் தண்டனை முறையும் இந்த எண்ணத்துக்கு ஒத்துவராது. ரோமச் சட்டத்தில் திருட்டு அடிப்படையில் தனியார் வழக்கு. பொருளின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ கட்ட வேண்டும். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொள்ளையருக்கும் உரியது. இளம் ஜூலியஸ் சீசரைப் பிடித்து 38 நாள் வைத்திருந்த கடற்கொள்ளையர் கதையைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். விடுபட்ட சீசர் கப்பல்களோடு திரும்பி வந்து அவர்களைப் பிடித்துச் சிலுவையில் அறைந்தார். அங்கே புளூட்டார்க் எழுதும் சொல்லும் லேஸ்டேஸ்தான்.

இதையெல்லாம் ஏற்பவர்களில் சிலர் எதிர்க்கோடிக்குப் போய், அந்த இருவரும் விடுதலைப் போராளிகள் என்கிறார்கள். யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் ரோமை எதிர்த்தவர்களை இந்தச் சொல்லால் குறித்ததே அவர்களுக்கு ஆதாரம். யோவான் லேஸ்டேஸ் என்று சொல்லும், இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாசை, கலகத்தில் கொலை செய்தவர்களோடு சிறைப்பட்டவன் என்று மாற்கு சொல்வதும் உண்மைதான். ஆனால் ஜொசிஃபஸ் ரோமரிடம் சரணடைந்து, பிறகு ரோமில் இருந்து எழுதியவர். எதிராளியைக் கொள்ளைக்காரன் என்று ஏசியதால் அந்தச் சொல்லுக்கே போராளி என்ற பொருள் வந்துவிடாது. நல்ல சமாரியன் உவமையில் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன வழிப்போக்கனை உரித்து, அடித்து, குற்றுயிராகப் போட்டவர்களும் லேஸ்டேஸ்தான். அவர்களை யார் போராளி என்பார்?

'நல்ல கள்ளன்' மேல் மக்களுக்கு உள்ள பிரியம் இதனால் குறைந்துவிடுமோ என்று தயங்கத் தேவையில்லை. லூக்கா 23:41இல் அவன் தனக்கும் தன் கூட்டாளிக்கும் கிடைத்த தண்டனை நியாயம் என்று ஒப்புக்கொள்கிறான். வயிற்றுக்காக எதையோ எடுத்த ஒருவன் சிலுவைச் சாவை நியாயம் என்று சொல்ல மாட்டான். வழிமறித்து மனிதரை வதைத்தவன் சொல்லலாம். பரதீசு வாக்களிக்கப்பட்டது அப்படிப்பட்ட ஒருவனுக்கு.