அவதூறும் தேர்தலும்

நாவலாசிரியனொருவன் தன் கதையில் ஒரு கள்வனைச் சிருஷ்டித்து, அவன் வாயில் கள்வனுக்குரிய வார்த்தைகளை வைத்தால், அதற்காக ஆசிரியனைத் தண்டிக்கலாமா? எந்த நியாயஸ்தலமும் இதற்கு உடன்படாது. ஆயினும், 1934-ம் வருஷத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் நடந்த கவர்னர் தேர்தலில், இத்தகைய சாக்ஷியத்தைக் கொண்டே ஜனங்களிடம் தீர்ப்புக் கோரப்பட்டது.

டெமாக்ரடிக் கட்சியின் அபேக்ஷகர் அப்டன் ஸிங்க்ளேர், சிகாகோ மாமிசத் தொழிற்சாலைகளின் அவலத்தை 1906-ல் நாவலாக வெளியிட்டுப் பிரசித்தி பெற்றவர். வேலையற்றோரை, சும்மா கிடந்த நிலங்களிலும் ஆலைகளிலும் அமர்த்தி, அவர்களுக்கு வேண்டியதை அவர்களே உற்பத்தி செய்துகொள்ளும்படி செய்வது அவருடைய திட்டம். அது குற்றமற்றதென்று நாம் சாதிக்க வரவில்லை. பணம் எங்கிருந்து வரும், தனியார் தொழில்கள் என்னாகும் என்ற கேள்விகள் நியாயமானவையே. அவற்றைக் கேட்டு அவரைத் தோற்கடித்திருந்தால் எவரும் குறை கூறார்.

நடந்ததோ வேறு. கிளெம் விட்டேகர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவர், தேர்தல் பிரசாரத்தையே தொழிலாகக் கொண்ட ஸ்தாபனமொன்றை 1933-ல் ஏற்படுத்தியிருந்தனர். அவர்கள் ஸிங்க்ளேரின் புஸ்தகங்களைச் சல்லடையிட்டுச் சலித்து, கதாபாத்திரங்களின் பேச்சை ஆசிரியரின் சொந்தக் கொள்கையாகக் காட்டினர். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை இத்தகைய மேற்கோள்களை முதற்பக்கத்தில் கட்டங்கட்டிப் பிரசுரித்து வந்தது. வேலையற்றோர் கூட்டம் ராஜ்யத்துக்குள் படையெடுத்து வருவதாக ஜோடித்த ‘செய்திப் படங்கள்’ தியேட்டர்களில் காட்டப்பட்டன.

முடிவில் ரிபப்ளிகன் அபேக்ஷகர் பிராங்க் மெரியம் சுமார் 11 லக்ஷத்து 38 ஆயிரம் வோட்டுகளும், ஸிங்க்ளேர் சுமார் 8 லக்ஷத்து 79 ஆயிரமும் பெற்றனர். தூஷணை ஒன்றே தோல்விக்குக் காரணமென்பது மிகை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவருக்கு ஆதரவளிக்கவில்லை. மூன்றாவது அபேக்ஷகர் ரேமண்ட் ஹெயிட் சுமார் 3 லக்ஷம் வோட்டுகளைப் பெற்றார். ஆனால் அம்மேற்கோள்கள் விஷயத்துக்குச் சம்பந்தமற்றவை என்று பாக்ஸ்டர் அம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஸிங்க்ளேரைத் தடுப்பதொன்றே நோக்கமாம்!

இதில் நஷ்டமடைந்தவர் ஸிங்க்ளேர் மட்டுமல்லர். பசித்திருப்போருக்கு வழி என்ன என்ற பிரதான கேள்வி புழுதியில் மறைந்தது. வெற்றி பெற்றவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்பாரும் அருகினர். பத்திரிகைத் தொழில் புரியும் நமக்கு இதில் வெட்கமும் உண்டு. முதற்பக்கத்தைத் தூஷணைக்கு வாடகை விடும் பத்திரிகை சாக்ஷியல்ல. வழக்கில் ஒரு கட்சி.

அக்காலத்தில் வார்த்தைகளை இடம் பெயர்த்தனர். இன்றோ ஒருவர் பேசாததையே அவர் குரலில் பேசச் செய்யும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆதலால் பொதுத்தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நாம் கூறுவது இரண்டு. எதிரியின் வாக்கியமொன்றை மேடையில் வாசிக்குமுன், அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வாசியுங்கள். எதிரியின் குறையைச் சொன்ன அதே நாவால், நமது திட்டம் இன்னதென்றும் சொல்லுங்கள். நம் கட்சிக்கு அனுகூலமான பொய்யும் பொய்யே. அதைக் கண்டிக்கும் தைரியம் நமக்கில்லையெனில், நாளை எதிரி அதே ஆயுதத்தை எடுக்கும்போது முறையிட நமக்கு வாய் ஏது?