தொட்டியும் தோட்டமும்: உறங்கும் மெக்ஸிகோச் செடி

கார்த்திகை பிறந்து டில்லியில் வாடைக் காற்று வீசத் தொடங்கியதும், பட்டர்வொர்ட் வளர்க்கும் அன்பர்களைக் கவலை பற்றிக் கொள்கிறது. அகன்ற இலைகள் சுருங்கிக் காய்கின்றன. செடி பட்டுப் போகிறதோ என்று அஞ்சி நீரை மேலும் வார்க்கின்றனர். செடி உறங்கப் போகிறது, அவ்வளவே. அவ்வுறக்கத்தைக் காக்கும் முறையை இம்மாதம் கூறுவோம்.

தாவர நூலார் இதனைப் பிங்குயிகுலா என்பர். கொழுப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நெய் தடவியது போல் மினுக்கும் இலையின் மேலே இருப்பது பசை. அதில் ஒட்டிய சிறு பூச்சிகளை இலையே செரித்துக் கொள்ளும். இக்குலத்து ஐரோப்பியச் செடியை டார்வின் 1875இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்துள்ளார்.

மெக்ஸிகோவில் இச்செடிகள் பலவும் மலைச்சரிவுகளிலும் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலும் வளர்பவை. அங்கே மழை பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரையே. பின்னர் மாதக்கணக்கில் வறட்சி. அகன்ற பசையிலை நீரை மிகுதியாகச் செலவிடும். அகப்படும் பூச்சியும் குறைவு. ஆகவே வரவறிந்து செலவு செய்யும் குடும்பத்தைப் போல, செடி பெரிய இலைகளைக் கைவிட்டு, நடுவில் சிறிய, தடித்த, பசையற்ற இலைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றில் நீரைச் சேமித்துக் கொள்கிறது.

நடுவில் அத்தகைய இலைகள் தோன்றியதும் தொட்டியின் அடித்தட்டிலுள்ள நீரை அகற்றி விடுக. பின்னர் இரண்டு மூன்று வாரத்திற்கொரு முறை தொட்டியின் ஓரமாகச் சிறிது நீர் விட்டாற் போதும். இலையடுக்கின் மேல் நீர் தங்கினால் அழுகும். இக்காலத்தில் பூச்சியோ உரமோ இடலாகாது. வெளிச்சம் மட்டும் குறையலாகாது. சனவரி இரவுகளில் டில்லியின் வெப்பம் 5 பாகை அளவுக்குத் தாழ்வதுண்டாதலால், தொட்டியை வீட்டினுள் சன்னலோரம் வைத்தல் நன்று. அக்னாட்டா, ஜைஜாண்டியா போன்ற சில இனங்கள் இவ்வாறு உருமாறுவதில்லை. அவற்றுக்கு மெல்லிய ஈரம் தொடர்ந்து வேண்டும்.

பொங்கலுக்குப் பாஸ் எடுத்துக்கொண்டு ஊர் செல்வோர், உறங்கும் செடியைப் பற்றிக் கவலையுற வேண்டுவதில்லை. புறப்படுமுன் ஓரத்தில் சிறிது நீர் விட்டுச் சென்றால் மூன்று வாரம் தாங்கும். அடுத்த வீட்டு அம்மாளிடம், “நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுங்கள்” என்று ஒப்படைத்துச் செல்வதே ஆபத்து. அவர் அன்பாய் ஊற்றும் நீரே வேரை அழுகச் செய்துவிடும்.

மாசி இறுதியில் நடு இலைகள் அகன்று பசை மினுங்கத் தொடங்கும். அதற்குச் சற்று முன்னரே குளிர்கால இலைகள் சிலவற்றை வெண்ணிற அடியோடு மெல்லப் பெயர்த்து ஈர மணலின்மேல் கிடத்தினால், சில வாரங்களில் ஒவ்வோர் இலையடியிலும் குட்டிச்செடி முளைக்கும். தாய்ச்செடியில் புதிய பசையிலை கண்ட பின்னரே நீரைப் படிப்படியாகக் கூட்டுக. மழைநீர் கிடைத்தால் மிக நன்று.

நீர் வார்க்கப் பலருக்கும் தெரியும். வாராதிருக்கும் பொறுமையையே இச்செடி நம்மிடம் கேட்கிறது.