பச்சை உடம்பும் தாம்பத்தியமும்

தாய்வீட்டில் பேறுகாலம் முடிந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையுடன் கணவன் வீடு திரும்பும் பெண்ணை நாம் மகிழ்வுடன் வரவேற்கிறோம். பால் போதுகிறதா, ஞானஸ்நானம் ஆயிற்றா என்றெல்லாம் கேட்கிறோம். அவள் உடல் ஆறிவிட்டதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. தாம்பத்திய உறவு அவளுக்கு வேதனை தருமாயின், அதைப் பெற்ற தாயிடமும் சொல்லக் கூசுகிறாள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறாள். "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று யாரோ சொன்னதே அவளுக்கு மருந்தாகிவிடுகிறது.

சகஜம் என்பது பாதி உண்மை. பிரசவத்திற்குப் பின் சில மாதங்கள் இவ்வலி பலருக்கும் உண்டு. ஆனால் அதற்குக் காரணமும் உண்டு, சிகிச்சையும் உண்டு. பிரசவ வேளையில் கிழிந்த அல்லது வெட்டித் தைத்த இடம் வெளியே ஆறினாற்போல் தோன்றினும், தழும்பு இறுகி வலிக்கலாம். மற்றொரு காரணத்தைப் பலர் அறியார். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் உடலில் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் பிறப்பு வழி உலர்ந்து, மெலிந்து, உராய்வினால் எரிச்சல் உண்டாகிறது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்த தாய்க்கும் இந்த உலர்வு வரும். இதை அறியாத கணவன், மனைவியின் அன்பு குன்றிவிட்டதோ என ஐயுறுகிறான்!

ஒருமுறை வலித்தால் மறுமுறை அச்சம். அச்சத்தால் தசைகள் தாமே இறுகும். இறுகினால் வலி மிகும். உறக்கமற்ற இரவுகளும், உடனே மறுபடி கருவுற்றுவிடுவோமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டால் மனம் சோர்வதில் வியப்பென்ன?

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி வரும் அழுகை பெரும்பாலும் தானே தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வு நீடித்து, குழந்தையைக் கண்டும் மகிழ்ச்சியின்றி, தான் எதற்கும் உதவாதவள் என்று அவள் எண்ணத் தொடங்கினால், அது மருத்துவம் வேண்டும் நோயாக இருக்கலாம். அதனைப் பேய்க்கோளாறு என்றோ பக்திக் குறைவு என்றோ கூறுவது பெருந்தீங்கு. இதனைக் கண்டறியவே 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள் 1987-இல் வெளிவந்தது. தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கென இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416.

கணவர்களுக்கும் ஒரு சொல். மனைவியின் கடமை என்று பேசுவோர் உளர். மனைவியின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் கருதாது அவள்மீது சுமத்தப்படும் உறவு உண்மையான அன்புச் செயலாகாது என்பதைத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் 1968-ஆம் ஆண்டுச் சுற்றுமடலே ஏற்றுக் கூறுகிறது. பச்சை உடம்புக்காரி வேண்டாமென்றால் பொறுத்திருப்பதே முறை. அருகில் அமர்ந்து பேசவும், குழந்தையைச் சற்றுநேரம் சுமக்கவும் தடையில்லையே!

ஆறாம் வாரப் பரிசோதனைக்குச் செல்லும்போது கணவரும் உடன் செல்லட்டும். வழவழப்புக் களிம்போ, ஈஸ்ட்ரோஜன் களிம்போ, இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியோ, எது ஏற்றதென்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். வலி எங்கே, எப்போது என்பதைத் திறந்து கூற வேண்டும். வெட்கப்பட்டு "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், சத்து மாத்திரையோடு வீடு திரும்ப நேரிடும்.