பேயைக் குழந்தையே செய்யட்டும்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளில் எலும்புக்கூடுகள் வரிசைகட்டி நிற்கும். ஹோம் டிப்போ நிறுவனம் 2020-இல் 12 அடி உயர எலும்புக்கூட்டை 299 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதை வாங்கி வாசலில் நிறுத்துவது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. 2023-இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்காகச் செலவிடும் தொகை 1,220 கோடி டாலரைத் தொடும் என்று அந்நாட்டின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. பெரியவர்கள் ஆசைப்பட்டு வாங்குவதில் நமக்கென்ன வழக்கு? ஆனால் அந்த வாசலைக் கடந்துதான் நான்கு வயதுக் குழந்தையும் பள்ளிக்குப் போகிறது. அந்த வயதுக்குக் கடையில் வாங்கிய பேய் ஆகாது. வீட்டில் தொங்கவேண்டிய பேயைக் குழந்தையே தன் கையால் செய்யவேண்டும் என்பதுதான் என் வாதம்.

ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மேனார்ட் என்ற சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு பூனையின் முன்பாதியைத் திரைக்குப் பின்னால் மறைத்து, அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். பின்பாதியும் வாலும் குழந்தைகளின் கண்ணெதிரேதான் இருந்தன. அப்படியிருந்தும் மூன்று வயதுக் குழந்தைகளில் பலர், அது நாயாகவே மாறிவிட்டதென்று நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்களை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்ற முடியவில்லை. இது கைவேலையைப் பற்றிய ஆய்வு அல்ல. அதிலிருந்து நான் எடுப்பது ஓர் அனுமானம்தான். முகமூடி மாட்டிய அந்தக் கணம் மட்டுமே குழந்தைகளுக்கு மறைக்கப்பட்டது. கடைப்பேயிலும் அந்தக் கணம் மறைந்தேதான் இருக்கிறது. முழுப்பேயாகவே பெட்டியிலிருந்து இறங்குகிறது. காகிதத் தட்டில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, கறுப்பு வண்ணம் அடித்து, நூல் கட்டும் குழந்தைக்கோ திரையே கிடையாது. பயம் எங்கிருந்து வருகிறது என்பதை அது பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து பார்த்துவிடுகிறது.

இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். குழந்தையின் உள்ளங்காலில் வெள்ளை வண்ணம் தடவிக் கறுப்புத் தாளில் ஒற்றி எடுத்து, தாளைத் தலைகீழாகத் திருப்பினால் குதிகால் தலையாகிவிடும், ஐந்து விரல்களும் பேயின் கிழிந்த பாவாடை விளிம்பாகிவிடும். கண் இரண்டு வைத்தால் முடிந்தது. முட்டை வரும் காகித அட்டையில் அடுத்தடுத்த மூன்று குழிகளை வெட்டிக் கறுப்படித்தால் வௌவால்: நடுக்குழி உடல், இருபுறமும் சிறகு. காலி ஜாம் புட்டியில் பேண்டேஜ் துணியைத் தாறுமாறாகச் சுற்றி, உள்ளே பேட்டரி விளக்கை வைத்தால் எகிப்து மம்மி. இதில் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். கண் கோணலாக இருக்கிறதென்று பிய்த்து ஒட்டுவார்கள். படம் எடுத்துப் போட வேண்டுமே! ஒற்றைக்கண் பேயும் பேய்தான், அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பேய், பிசாசே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இருட்டுக்கும் பூச்சாண்டிக்கும் பயப்படுவது அந்த வயதின் இயல்பு. நாம் கற்றுக்கொடுத்துதான் வருகிறது என்பதில்லை. தெரு முழுக்க எலும்புக்கூடு நிற்கும் ஊரில் வீட்டில் மட்டும் அதைப்பற்றிப் பேசாமலிருந்தால், குழந்தை தனியே பயந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். தான் செய்த பேயைப் பார்த்தே இரவில் மிரளும் குழந்தைகளும் இருக்கலாம். அப்போது அதைக் கழற்றி, குழந்தை கையிலேயே கொடுத்து அலமாரிக்குள் வைக்கச் சொல்லலாம். 12 அடி எலும்புக்கூட்டிடம் அது நடக்காது.

கைவேலை என்பதும் வியாபாரம்தானே என்ற எதிர்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய அயர்லாந்து மக்கள், ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்கள். புது நாட்டில் குடைவதற்குச் சுலபமான பரங்கிக்காய் கிடைத்தது. அதில் வியாபாரம் இல்லை. ஆனால் மாசசூசெட்ஸில் டென்னிசன் நிறுவனம் 1909-இலேயே ஹாலோவீன் அலங்காரம் சொல்லித்தரும் புத்தகம் போட்டது, தன் க்ரேப் தாள் விற்பதற்காகத்தான். இன்று ‘செய்து பாருங்கள்’ என்று விற்கும் பெட்டிகளில் எல்லாம் முன்கூட்டியே வெட்டித் தந்திருக்கும். ஒட்டுவது மட்டுமே குழந்தையின் பங்கு. அந்தப் பெட்டியையும் நான் கடைப்பேய்க் கணக்கில்தான் சேர்ப்பேன். நேரமில்லை என்ற குறை வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மெய்யானது. ஆனால் முட்டை அட்டை வௌவாலுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கடைக்குப் போய்வர அதைவிட அதிகம் ஆகும்.

அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அந்நியப் பண்டிகை அல்ல, வகுப்பறையில் நடப்பது. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. இது நம் வழக்கமா என்ற சண்டையை மாலையில் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். காலையில் அந்தக் குழந்தைக்குத் தேவை பழைய செய்தித்தாளும் பசையும், பக்கத்தில் உட்கார ஒரு ஆளும். பரங்கிக்காயைக் குடையும் கத்தியை மட்டும் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். காயின்மேல் முகம் வரைய வண்ணத்தைக் குழந்தையிடம் கொடுங்கள்.